நாடகம், இலக்கியம், உளவியல்: மூன்றும் வேண்டும் என்பவர் எந்தப் பட்டத்தில் சேர்வது?

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை நாடகம், இலக்கியம், உளவியல் மூன்றையும் படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ‘முதலில் ஏதாவது ஒன்றைச் சொல்’ என்பதுதான். அந்த ஆசையில் குழப்பம் எதுவும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பாருங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள்; ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள். அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு: இளிவு (அவமானம்), இழவு (பறிகொடுத்தல்), அசைவு (பழைய நிலை கெட்டுத் தளர்தல்), வறுமை. நடிகரிடம் ‘அழு’ என்று மட்டும் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொது அழுகையைத்தான் தருவார். ‘அவமானப்பட்டு அழு’ என்றால் தலை தாழ்கிறது, கை முகத்தை மறைக்கத் தேடுகிறது. ‘பறிகொடுத்து அழு’ என்றால் அதே கை காற்றில் எதையோ துழாவுகிறது. செய்யுளுக்கு இலக்கணம் சொல்ல வந்த நூல், உணர்ச்சியின் காரணத்தையும் அது உடம்பில் தெரியும் விதத்தையும் ஒரே இயலில் பேசுகிறது. மேற்கிலும் இப்படித்தான் நடந்தது. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர் பயிற்சிக்குக் கொண்டுவந்த, பட்ட உணர்ச்சியை நினைவிலிருந்து மீட்டு நடிக்கும் ‘உணர்ச்சி நினைவு’ என்ற கருத்து, ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளரிடமிருந்து எடுத்தது. 1920களில் வியன்னாவில் ஒத்திகையில்லா நாடகம் நடத்திய மருத்துவர் மொரேனோ, அதிலிருந்தே, ஒருவர் தன் வாழ்க்கைச் சிக்கலைப் பேசுவதோடு நிற்காமல் நடித்துப் பார்க்கும் உளநாடகம் என்ற சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார்.

ஆகவே மூன்றும் சேருமா என்று கவலைப்பட வேண்டாம். எதைச் சான்றிதழில் வைப்பது, எதற்கு மாலை நேரத்தைக் கொடுப்பது, எதைப் பின்னால் எடுத்துக்கொள்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதலில் ஓர் அடிப்படை. மூன்று துறைகளும் பின்னால் கதவைத் திறக்கும் விதம் வேறு. உளவியல் ஏணி மாதிரி. கீழ்ப்படி இல்லாமல் மேற்படி இல்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கான படிப்பில் சேர வழக்கமாக உளவியல் முதுகலை கேட்கப்படும். முதுகலையில் சேர, பல பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்கின்றன. எந்தப் பட்டம் பெற்றவரையும் எடுக்கும் முதுகலைகளும் உண்டு. ஆனால் அவற்றின் நுழைவுத் தேர்வில் புள்ளியியலும் ஆய்வு முறையியலும் வரும்.

நாடகத்துக்குச் சான்றிதழ் ஏணி அவ்வளவு கறார் இல்லை. ஆனால் அதற்கு வேறொரு கறார் உண்டு: ஆட்கள், இடம், மணிக்கணக்கு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இல்லாமல் அதைக் கற்க முடியாது. இலக்கியம் இந்த மூன்றில் மிகவும் தாராளமானது. இருபத்தைந்து வயதிலும் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழோ ஆங்கிலமோ சேரலாம். நூலகமும் ஒழுங்கான வாசிப்பும் பாதி வேலையைச் செய்துவிடும்.

முப்பாடப் பட்டம்

மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கும் பி.ஏ. பட்டம் கர்நாடகத்தின் நீண்டகால வழக்கம். நான்காண்டு ஹானர்ஸ் முறையைக் கைவிட்டு, 2024–25 கல்வியாண்டிலிருந்து மூன்றாண்டுப் பட்டத்துக்கே அந்த மாநில அரசு திரும்பியது. பெங்களூரின் கிறிஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் அரங்கக் கலை, ஆங்கிலம், உளவியல் என்ற சேர்க்கையையே பட்டமாக நடத்தியிருக்கின்றன. பாடச் சேர்க்கைகள் ஆண்டுக்காண்டு மாறுவதால், சேரும் ஆண்டின் விவரக் கையேட்டை மட்டுமே நம்புங்கள். சென்ற ஆண்டு சேர்ந்தவர் சொல்வது போதாது.

இந்த வழியின் பெரிய பலம், நாடகம் கால அட்டவணைக்குள் வந்துவிடுவது. ஒத்திகைக்கு மதிப்பெண் உண்டு, வருகைப்பதிவு உண்டு, அதற்கென ஆசிரியர் உண்டு. அத்துடன் ஒரே வாரத்தில் மூன்று கண்ணோட்டங்கள் மோதிக்கொள்ளும். ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் மகள், ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கும் அப்பா, பதில் இல்லை. இலக்கிய வகுப்பில், ‘சாப்பிட்டியா’ என்ற சொல் உண்மையில் எதைக் கேட்கிறது, ஆசிரியர் ஏன் செருப்பைக் குறிப்பிட்டார் என்று பேசுவீர்கள். உளவியல் வகுப்பில், தவிர்த்தல் ஒரு நடத்தையாக எப்படிப் படிகிறது, அதை எப்படி அளப்பது என்று பேசுவீர்கள். அரங்க வகுப்பில் பேச்சு போதாது. அவள் எத்தனை விநாடி நிற்கிறாள், அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்கிறாரா, அவள் முகத்தைப் பார்த்தா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவு தவறானால் கூட்டம் அசைந்து உட்காரும். நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பலவீனம் தாள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் ஒரு தாள் என்றால் ஆறு பருவத்தில் ஆறு உளவியல் தாள்கள். இறுதியாண்டில் இரண்டாகும் கல்லூரிகளில் எட்டு. உளவியலை மட்டும் முதன்மையாகப் படிப்பவர் பதினைந்து வரை முடித்திருப்பார். இதில் முதலில் கழிந்துபோவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் புள்ளியியல், உடலியல் உளவியல், உளவியல் அளவீடு. முதுகலைச் சேர்க்கையில் கேட்பதும் இவற்றைத்தான். பொது உளவியலும் சமூக உளவியலும் ஆளுமைக் கோட்பாடுகளும் படித்துவிட்டு, ‘உளவியல் முடித்தேன்’ என்ற நம்பிக்கையில் விண்ணப்பித்துத் தடுமாறுவது இப்படித்தான்.

இன்னொன்று, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை மனத்தில் இருந்தால், வெளிமாநில முப்பாடப் பட்டம் நீங்கள் கற்பிக்க நினைக்கும் பாடத்தின் பட்டத்துக்கு இணையானதாக ஏற்கப்படுகிறதா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள். பி.எட். முடித்த பிறகு அதைத் தேடுவது மிகத் தாமதம்.

உளவியல் உள்ளே, நாடகம் வெளியே

சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் பி.எஸ்சி. அல்லது பி.ஏ. உளவியல் சேர்ந்து, கல்லூரி நாடகக் குழுவிலும் ஊரில் இயங்கும் குழுக்களிலும் வேலை செய்வது. பிறகு முதுகலையில் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது. உளவியல் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

பலர் கவனிக்காத ஓர் அனுகூலம் இதில் உண்டு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரியின் வாரம் 30 மணி நேரம். முதல் நான்கு பருவங்களில் பகுதி ஒன்று தமிழுக்கும் பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கும் ஆளுக்கு ஆறு மணி வரை போகிறது. உளவியல் மாணவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் வாரத்தில் கணிசமான நேரம் இலக்கிய வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதை ‘மொழிப்பாடம், பாஸானால் போதும்’ என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம். அகப்பாடல்களை அங்கே கவனித்துப் படியுங்கள். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒவ்வொரு பாட்டும் யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகே பொருள் தருகிறது. நாடகப் பிரதியை நடிகர் படிக்கும் முறையும் அதுவேதான். இலக்கியம் என்றால் ஆங்கில இலக்கியம் மட்டும்தான் என்று எண்ணி இதைத் தவறவிடாதீர்கள்.

இனி இந்த வழியில் என்னென்ன தவறுகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது நேரம். சென்னையின் பல கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட் மதியம் ஒரு மணி வாக்கில் முடிகிறது. இரண்டாவது அப்போது தொடங்கி மாலை ஆறு வரை இழுக்கும். வெளி நாடகக் குழுக்களின் ஒத்திகை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. இரண்டாம் ஷிப்ட்டில் சேர்ந்தவர் வகுப்பை விட்டுக் கிளம்பும்போது குழு உடற்பயிற்சியை முடித்திருக்கும். தினமும் அரை மணி தாமதமாக வருபவருக்கு முக்கியப் பாத்திரம் போகாது. ஆகவே நாடகம் முக்கியம் என்றால், கல்லூரியின் பெயரைக் காட்டிலும் ஷிப்ட்டைப் பாருங்கள். விடுதி மாணவிகளுக்கு வாயில் மூடும் நேரம் இதைவிடப் பெரிய தடை. ஒத்திகைக்குப் போய்வர எழுத்து அனுமதி கிடைக்குமா என்று சேரும் நாளிலேயே விடுதியில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வருகைப்பதிவு. 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத அபராதமும் அனுமதியும் வேண்டியிருக்கும். இன்னும் குறைந்தால் அந்தப் பருவமே போகும். கல்லூரி சார்பில் போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்கும். வெளிக் குழுவின் நாடகத்துக்குக் கிடைக்காது. ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்றால் 22 நாள் வரைதான் கையிருப்பு. அதில் காய்ச்சலுக்கும் ஊர் திருவிழாவுக்கும் பத்து நாள் ஒதுக்கிவிட்டு, மீதியை அரங்கேற்ற வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உளவியல் செய்முறைப் பதிவேடு. கண்ணாடி வரைவுச் சோதனையைச் சொல்கிறோம். மேசையில் நட்சத்திரப் படம், கையை மறைக்கும் தடுப்பு, எதிரே கண்ணாடி. பங்கேற்பவர் கண்ணாடியில் பார்த்தபடியே கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் இடது கையால் ஒருமுறை, பிறகு வலது கையால் பல முறை, மறுபடி இடது கையால் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் நேரத்தையும் கோட்டைத் தொட்ட பிழைகளையும் எழுத வேண்டும். வலது கை பழகியதன் பயன் இடது கைக்கும் போகிறதா என்பதுதான் கேள்வி. ஒத்திகை வாரத்தில் இதற்கு ஆள் தேடி உட்கார வைக்க நேரமில்லாமல், தோழியின் எண்களைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில், ‘ஏழாவது முறையில் பிழை ஏன் கூடியது?’ என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த ஏழாவது முறையை அவர் பார்க்கவே இல்லையே. நாடகம் விரும்புபவர் இழக்கக் கூடாத சோதனை இது. ஒத்திகையில் உடம்பு எப்படிக் கற்கிறது என்பதை எண்ணாகக் காட்டும் இடம் இதுதான். நாடக அரங்கேற்றம் வரும் பருவத்தில், பதிவேட்டின் சோதனைகளை முதல் ஆறு வாரத்துக்குள் முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்கள் குழுவின் நடிகர்களே உங்களுக்குப் பங்கேற்பாளர்கள்.

நான்காவது, கல்லூரிக் குழு மட்டும் போதும் என்ற நினைப்பு. பல்கலைக்கழக இளைஞர் விழா விதிப்படி ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம், குறுநாடகத்துக்கு 10, ஊமை நாடகத்துக்கு 5. கல்லூரிக் குழுக்கள் இதற்காகவே பழகுகின்றன. வேகமும் கூட்டு அசைவும் நன்றாக வரும். ஆனால் ஒரு பாத்திரத்தை ஒன்றரை மணி நேரம் தாங்கிப் பிடிப்பது வராது. நடுப்பகுதியில் குரல் இறங்கும்போது என்ன செய்வது என்று தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுநீள நாடகத்தில் இருங்கள், பின்மேடை வேலையாக இருந்தாலும் சரி. கோடையில் வட மாவட்டத் தெருக்கூத்தை விடிய விடிய ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கூத்துக்காரர் மூச்சை எங்கே எடுக்கிறார், திரையைப் பிடித்தபடி எப்படி நுழைகிறார், மூன்று மணிக்குத் தூங்கி வழியும் கூட்டத்தைக் கட்டியங்காரர் எப்படி எழுப்புகிறார் என்பதற்குப் பாடநூல் இல்லை.

செய்த ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், புகைப்படம் ஆகியவற்றைத் தேதியோடு எடுத்து வையுங்கள். 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு, ஏதேனும் ஒரு பட்டத்தோடு குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தையும் இந்தி, ஆங்கிலப் பழக்கத்தையும் கேட்பது வழக்கம். உளவியல் பட்டம் அங்கே குறுக்கே நிற்காது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி வழிநடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளியின் தொடர்ச்சியான புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையிலும் வேறு பட்டம் பெற்றவர்கள் முதுகலைக்குப் போகிறார்கள். பள்ளிக் குழந்தைகளோடு நாடகம் வழி வேலை செய்ய விரும்பினால், தேசிய நாடகப் பள்ளியின் அகர்தலா மையம் கல்வியில் அரங்கு என்ற ஓராண்டுப் படிப்பையே நடத்துகிறது. உளவியல் படித்தவருக்கு அது நல்ல பொருத்தம்.

இலக்கியம் முதன்மை

எழுத்தும் நாடகமாக்கமும் விமர்சனமும் உங்கள் இடம் என்றால் பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ போதும். உளவியல் ஆர்வம் வாசிப்பாகத் தொடரலாம், துணைப்பாடமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ‘அப்புறம் தொலைநிலையில் உளவியல் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்ததும் பலர் போட்ட திட்டம் அது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று அதே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இலக்கியத்துக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே இரட்டைப் பட்டத் திட்டம் என்றால் உளவியலை நேரடி வகுப்பிலும், தமிழையோ ஆங்கிலத்தையோ தொலைநிலையிலும் வைப்பதுதான் நடக்கும்.

நாடகமே முதலில்

இளங்கலையிலேயே முழுநேர நாடகம் என்றால், பக்கத்தில் இருப்பது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் திருச்சூர் நாடகப் பள்ளி, 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது. ஒளி, ஒலி, மேடை அமைப்பு, குரல், உடல் என்று அடித்தளம் ஆழமாக விழும். பட்டறையும் ஒத்திகையும் மலையாளத்தில் ஓடும் என்பதால் முதல் சில மாதங்கள் காது பழக வேண்டும். உளவியல் தொழிலுக்குத் திரும்பும் பாதை இதில் ஏறக்குறைய இல்லை. நடிப்போ இயக்கமோதான் வாழ்க்கை என்று உறுதியாக இருப்பவர் மட்டும் போங்கள்.

இலங்கைத் தமிழ் மாணவருக்குக் கணக்கே வேறு. ‘நாடகமும் அரங்கியலும்’ அங்கே உயர்தரத் தேர்வில் (நம் ப்ளஸ் டூ போன்றது) ஒரு பாடம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பல்கலைக்கழகப் படிப்பாகத் தொடர்கிறது. போர்க்கால மனவடுக்களை நாடகத்தில் எடுத்துப் பேசிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்களின் மரபும் அங்கே இருப்பதால், அரங்கும் உளவியலும் சேரும் இடத்தை வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் ஓர் எச்சரிக்கை. இரண்டு நாள் பயிலரங்கில் உளநாடகம் பார்த்துவிட்டு, சக மாணவரின் சொந்தத் துயரத்தை ஒத்திகையில் கிளறுவது நடக்கிறது. திறந்த புண்ணை மூடத் தெரியாதவர் திறக்கக் கூடாது. பிரிட்டனில் நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது. பதிவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் அப்படியொரு சட்டப் பதிவு இல்லாததால் குறுகிய காலச் சான்றிதழ்கள் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றை அறிமுகமாக மட்டும் கொள்ளுங்கள்.

கனமான காட்சிக்குப் பிறகு பாத்திரத்திலிருந்து இறங்குவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உடையையோ துண்டையோ கழற்றி மேடையிலேயே வைப்பது, கை கால்களை உதறுவது, வட்டமாக நின்று ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரையும் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடப் போகிறோம் என்பதையும் சொல்வது, அதன் பிறகே செல்போன். எளிமையாகத் தோன்றும்; நேரமாகிவிட்டது என்று விடுபடுவதும் இதுதான். இரண்டு வாரம் விட்டால் தூக்கம் கெடுவதும் காரணமில்லாத எரிச்சலும் குழுவில் தலைகாட்டும்.

சேர்க்கைக்கு முன் கல்லூரிக்கு நேரில் போங்கள், வேலை நாளில், மாலை நான்கரை மணிக்கு. பாடத்திட்டத்தின் நகலை வாங்கி உளவியல் தாள்களை எண்ணுங்கள். புள்ளியியல் எந்தப் பருவத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எத்தனை முழுநீள நாடகம் மேடையேறுகிறது, ஒத்திகை நேரம் வருகைப்பதிவில் சேருமா என்று கேளுங்கள். பிறகு அரங்கு எங்கே என்று கேட்டு நடந்துபோய்ப் பாருங்கள். உள்ளே விளக்கு எரிந்து யாராவது குரல் பழகிக்கொண்டிருந்தால் நல்லது. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மாணவரிடமா, துறை ஆசிரியரிடமா, அல்லது மூன்று நாளுக்கு முன்பே கடிதம் கொடுத்தால் மட்டும் திறக்கும் அலுவலகத்திடமா?